பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு: கொடைக்கானல் அப்சர்வேட்டரியும் கம்ப்யூட்டர் ‘நல்’லும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கூடவே, “கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகமா இருக்கணும்” என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். இயற்பியல் படித்துவிட்டுப் பிழைப்புக்குப் புரோகிராம் எழுதப் போனவன் நான். ஆகவே இரண்டு மாடுகளையும் ஒரே வண்டியில் பூட்டிப் பார்க்கிறேன். வண்டி போகும் பாதை நமக்குப் பழக்கமானதுதான். வத்தலக்குண்டு தாண்டி பழனி மலைத் தொடரில் ஏறி, கொடைக்கானல் ஏரியையும் கடந்து, மேலே அப்சர்வேட்டரி வரைக்கும் போகிறது.

முதலில் நம் எல்லோருக்கும் தெரிந்த மதிப்பெண் பட்டியலைப் பார்ப்போம். பரீட்சை எழுதி ஒன்றுமே தேறாதவனுக்கு 0. பரீட்சைக்கே வராதவனுக்கு ‘ஆப்சென்ட்’. இரண்டு பேருக்குமே அரியர்தான். இருந்தாலும் வராதவன் பெயருக்கு நேராக எந்த கிளார்க்கும் 0 என்று எழுதமாட்டார். 0 என்றால் “தாளைத் திருத்திப் பார்த்தோம், ஒன்றும் இல்லை” என்று பொருள். ஆப்சென்ட் என்றால் “திருத்தத் தாளே இல்லை” என்று பொருள். முன்னது ஓர் அளவு. பின்னது அளவே எடுக்கவில்லை என்ற செய்தி.

இந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் உலகம் சரியாகப் பிடித்துக்கொள்ள ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. நம் மலை உச்சியில் உட்கார்ந்து சூரியனைப் பார்த்தவர்களுக்கோ அது அன்றாடப் பிரச்சினை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

தாது வருஷப் பஞ்சம்

சென்னையில் வானியல் ஆராய்ச்சி 1786ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரியின் சொந்த முயற்சியாகத் தொடங்கியது. 1792ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வான் ஆய்வகம் எழுந்தது. அங்கே பார்த்தது பெரும்பாலும் நட்சத்திரங்களைத்தான்.

சூரியன் பக்கம் கவனம் திரும்பியதற்குக் காரணம் பசி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய கொடும் பஞ்சத்தை நம் பாட்டிமார்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழை பொய்த்து லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்க்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா என்ற கேள்வி எழுந்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 வருஷத்துக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்பது அப்போது தெரிந்த விஷயம். மழைக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமோ என்று 1877ல் நார்மன் லாக்கியரும் வில்லியம் ஹண்டரும் சேர்ந்து ஒரு கட்டுரையே எழுதினார்கள். பஞ்ச விசாரணைக் கமிஷனும் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற கருத்தை ஆதரித்தது.

அரசு வானியலாளராக இருந்த நார்மன் பாக்சன் 1891ல் காலமானார். அவருக்குப் பின் வந்தவர் சார்லஸ் மிச்சி ஸ்மித். இவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். நம்மைப் போன்ற கல்லூரிக்காரர் ஒருவரின் கையில் இந்த வேலை வந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்! அவர் நீலகிரி, பழனி மலை இரண்டிலும் இடம் தேடிக் கடைசியில் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895ல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899ல் நிலையம் வானிலைத் துறையின் பொறுப்புக்குப் போனது. 1901ல் சூரியனைக் கவனிக்கும் வேலை முறையாகத் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,343 மீட்டர் உயரம். சமவெளியின் தூசியும் வெப்ப அலையும் எட்டாத காற்று.

நண்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று கண்டுபிடிக்கத்தான் அந்தக் கட்டிடம். பின்னால் இந்த வரி தேவைப்படும்.

தினம் ஒரு தட்டு

1904 முதல் வெள்ளொளியில் சூரியனின் முழு வட்டத்தையும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பயன்பட்ட 15 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1850ல் சென்னை ஆய்வகத்துக்காகப் பாரிஸில் வாங்கியது. அதே 1904ல் கேம்பிரிட்ஜ் கம்பெனியின் கருவி வந்து, கால்சியம் ஒளியில் மட்டும் சூரியனைப் பிடிக்கும் வேலையும் ஆரம்பமானது. 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் படம் எடுத்தார்கள். 1907ல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909ல் இங்கேதான் கண்டுபிடித்தார். உலகப் பாடப் புத்தகங்களில் ‘எவர்ஷெட் விளைவு’ என்று இருப்பது நம் கொடைக்கானல் சரக்கு!

பெரிய கண்டுபிடிப்புகளை விட எனக்குப் பிரமிப்பாக இருப்பது தினசரி வேலைதான். காலையில் வானம் தெளிந்ததும் படம் எடுக்க வேண்டும். பிறகு சூரிய வட்டத்தைக் கட்டமிட்ட தாளில் வைத்து, புள்ளிகள், ஒளித் திட்டுகள், விளிம்பில் எழும் பிழம்புகள் எல்லாவற்றையும் தனித்தனி வண்ணத்தில் கையால் வரைய வேண்டும். இரண்டு உலகப் போர் வந்து போனது, வெள்ளைக்காரன் போனான், 1971ல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் உருவாகி நிலையம் அதன்கீழ் வந்தது. தட்டு எடுக்கும் வேலை மட்டும் தலைமுறை தலைமுறையாக நடந்தது. நூறு வருஷத்துக்கு மேல் நீளும் இப்படியொரு சூரிய ஆல்பம் உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் உண்டு.

சரி, மேகம் மூடிய நாளில்?

கொடைக்கானலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிப்பார்ட்மென்ட் டூர் போய், பில்லர் ராக்ஸ் எதிரே நின்று, “தூண் எங்கடா?” என்று பனிமூட்டத்தைப் பார்த்துக் கேட்காத பேட்ச் நம்மில் உண்டா? ஜனவரி முதல் மார்ச் வரை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் வந்துவிட்டால் நாள் கணக்கில் சூரியன் முகம் காட்டாது. அந்த நாட்களில் தட்டு இல்லை.

ஆக மூன்று வகை நாட்கள். பார்த்தோம், புள்ளிகள் இருந்தன. பார்த்தோம், ஒரு புள்ளி கூட இல்லை. பார்க்கவே முடியவில்லை. இரண்டாவது வகைக்கு 0 என்று எழுதலாம், எழுதவும் வேண்டும். மூன்றாவது வகைக்கு என்ன எழுதுவது? ஒன்றும் எழுதக்கூடாது. கட்டம் காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலி இடத்துக்குத்தான் கம்ப்யூட்டர் பாஷையில் ‘நல்’ என்று பெயர். (‘நல்ல’ என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!)

நம் குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது. ஒரு சரிவில் 2018ல் “பூ 0” என்று ஒருவர் எழுதினால், அவர் அங்கே போய்ப் பார்த்து, செடி பூக்கவில்லை என்று அறிந்திருக்க வேண்டும். போகாமலே எழுதினால் அது பொய்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 30 நாள் உள்ள ஒரு மாதத்தில் 10 நாள்தான் வானம் தெளிவு. ஒவ்வொரு நாளும் 12 புள்ளிகள். மொத்தம் 120, பார்த்த நாட்கள் 10, சராசரி 12. இப்போது பார்க்காத 20 நாட்களுக்கும் யாரோ 0 போட்டுவிட்டார் என்று வையுங்கள். 120ஐ 30ஆல் வகுத்தால் சராசரி 4. சூரியன் மூன்றில் ஒரு பங்காக இளைத்துப் போயிற்று! இன்னொருவர் “காலி நாளுக்கு அடையாளமாக 1க்கு முன்னால் கழித்தல் குறி போடுகிறேன்” என்று செய்து, அதைச் சொல்லாமல் விட்டால், கூட்டுத்தொகை 100 ஆகி சராசரி 3.33 ஆகும்.

ஒரு மாதக் கணக்கு கெட்டால் போகட்டும் என்று விடலாம். இங்கே விஷயம் அதை விடப் பெரிது. மேகம் எப்போது வருகிறது? பருவமழைக் காலத்தில். மேகம் வந்த நாளுக்கெல்லாம் 0 போட்டால், ஒவ்வொரு வருஷமும் பருவமழை தொடங்கியதும் கரும்புள்ளிகள் சரியாகக் குறைவது போலத் தெரியும். படம் வரைந்தால் அழகான ஏற்ற இறக்கம் கிடைக்கும். மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டென்று ‘நிரூபணம்’ ஆகிவிடும். தாது வருஷத்துப் பிணங்களின் மேல் எழுந்த கேள்விக்கு, ஒரு காலிக் கட்டத்தில் தவறாக விழுந்த பூஜ்யம் பதில் சொல்லிவிடும். அந்தப் பதில் முழுப் பொய். சூரியனுக்கு நம் மேகத்தைப் பற்றி என்ன தெரியும்?

காலி இடத்தை நிரப்ப நியாயமான வழியும் உண்டு. இங்கிலாந்தின் கிரீனிச் ஆய்வகம் 1874 முதல் 1976 வரை கரும்புள்ளிப் பரப்பளவைத் தினசரி வரிசையாகத் தொகுத்தது. லண்டன் வானத்தை நம்பி அது முடியுமா? நன்னம்பிக்கை முனை, மொரீஷியஸ், டேராடூன், நம் கொடைக்கானல் ஆகிய இடங்களின் தட்டுகளையும் சேர்த்துக்கொண்டுதான் வரிசையை நிறைத்தார்கள். அங்கே மேகம் என்றால் இங்கே வெயில் இருக்கலாம் அல்லவா? ஒருவர் பார்க்காததை இன்னொருவர் உண்மையில் பார்த்திருந்தால், எந்த நிலையத்தின் தட்டு என்று குறித்துக்கொண்டு நிரப்பலாம். யாருமே பார்க்காத நாளை மட்டும் யாரும் நிரப்ப முடியாது.

வெளிநாட்டில் நடந்த கூத்து

இதெல்லாம் கற்பனை பயம் என்று நினைக்க வேண்டாம். 1645 முதல் 1715 வரை சூரியனில் புள்ளிகள் மிக அரிதாக இருந்தன. அதை ‘மாண்டர் சிறுமம்’ என்கிறோம். 1998ல் ஹாய்ட், ஷாட்டன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் பழைய குறிப்புகளை எல்லாம் திரட்டி ஒரு பெரிய பட்டியல் வெளியிட்டார்கள். அரும்பெரும் வேலை. ஆனால் “இத்தனை வருஷமாகப் புள்ளி ஒன்றும் காணவில்லை” என்று பொத்தாம் பொதுவாக ஒரு பழைய வானியலாளர் எழுதியிருந்தால், அந்தக் காலம் முழுவதும் நாள்தோறும் அவர் பார்த்து 0 எண்ணியதாகப் பட்டியலில் ஏறிவிட்டது. அதன்படி பார்த்தால் அந்தக் காலத்து ஐரோப்பாவில் மேகமே வராத மாதிரி இருக்கும்! 2016ல் வாக்கேரோ என்ற ஸ்பானிய அறிஞரும் அவர் குழுவினரும் பட்டியலைத் திருத்தியபோது அப்படிப்பட்ட பூஜ்யங்களை நீக்கினார்கள். புள்ளிகள் குறைவு என்ற அடிப்படை மாறவில்லை. எவ்வளவு குறைவு, எத்தனை நாள் உண்மையில் பார்த்தார்கள் என்ற கணக்கு மாறியது.

இன்று கரும்புள்ளி எண்ணைப் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்து மையம் வெளியிடுகிறது. அதன் தினசரிப் பட்டியல் 1818ல் தொடங்குகிறது. எண் கிடைக்காத நாளுக்குக் கழித்தல் 1 என்று இருக்கும். அதன் பொருளையும் கூடவே விளக்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் விளக்கத்தைப் படிக்காமல் கோப்பை மட்டும் இறக்கிச் சராசரி போடும் அவசரக்காரன் எந்தக் காலத்திலும் இருப்பான். கழித்தல் 1ம் ஓர் எண்தானே? கூட்டு என்றால் கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு கூட்டிவிடும்.

கொழும்பில் பிறந்தவர் செய்த காரியம்

இப்போது கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். ‘நல்’ என்ற காலி அடையாளத்தைப் புரோகிராம் மொழிக்குள் கொண்டுவந்தவர் டோனி ஹோர். 1934ல் நம் அக்கம்பக்கத்துக் கொழும்பில் பிறந்த ஆங்கிலேயர். ‘குயிக் சார்ட்’ என்ற வரிசைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தவரும் இவரே. 1980ல் டியூரிங் விருது பெற்றார். 1965ல் ஆல்கால் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்தபோது, ஒரு பொருளைச் சுட்டும் இடத்தில் “எதையும் சுட்டவில்லை” என்றும் வைக்கலாம் என்று அனுமதித்தார். செய்வது சுலபமாக இருந்தது, செய்துவிட்டார். 2009ல் லண்டனில் ஒரு மாநாட்டில் பேசும்போது, அது தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று அவரே சொன்னார்.

தவறு எங்கே? காலி இடம் என்ற கருத்தில் தவறில்லை. அது தேவை என்று மேலே பார்த்தோம். எந்த இடம் காலியாக இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று சொல்ல அந்த மொழிகளில் வழி இல்லை. எல்லா இடமும் காலியாக இருக்கலாம் என்றாகிவிட்டது. பின்னால் வந்த சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா எல்லாம் அதையே சுமந்தன. ஜாவா எழுதியவர்களுக்கு ‘நல் பாயின்டர் எக்ஸப்ஷன்’ என்ற பெயரைக் கேட்டாலே ராத்திரி தூக்கம் போய்விடும்.

அதே ஜாவாவில் இன்னொரு வேடிக்கை. ஒரு கிளாசுக்குள் முழு எண் வகையில் ஒரு ஃபீல்டை அறிவித்துவிட்டு மதிப்பு ஒன்றும் தராமல் விட்டால், அது தானாகவே 0 ஆகிவிடும். பரீட்சைக்கு வராதவனுக்கு மொழியே 0 போட்டுவிடுகிறது! ஜாவாஸ்கிரிப்டில் வெறும் எழுத்துச் சரத்தை எண்ணாக மாற்றச் சொன்னாலும் 0தான் வரும். டேட்டாபேஸ்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. எஸ்கியூஎல்லில் சராசரி கேட்டால் ‘நல்’ உள்ள வரிசைகளைத் தவிர்த்துவிட்டுத்தான் கணக்குப் போடும். ஒரு ‘நல்’லும் இன்னொரு ‘நல்’லும் சமமா என்று கேட்டால் “தெரியாது” என்று பதில் வரும். நியாயம்தானே? இரண்டு மாணவர்கள் பரீட்சைக்கு வராததால் இரண்டு பேரும் ஒரே மதிப்பெண் எடுப்பவர்கள் என்று சொல்ல முடியுமா?

கன்ஸ்ட்ரக்டர் என்னும் வாசல்

இனி கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகள் சற்று நிமிர்ந்து உட்காருங்கள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம், இது எளிதுதான்.

கிளாஸ் என்பது ஓர் அச்சு. அந்த அச்சில் ஒரு பொருளை வார்க்கும்போது முதலில் நடக்கும் வேலைதான் கன்ஸ்ட்ரக்டர். கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி. உள்ளே வரும் விவரங்கள் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வரும். ‘கவனிப்பு நாள்’ என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பார்த்தவர், புள்ளி எண்ணிக்கை என்று மூன்று விவரங்கள் கன்ஸ்ட்ரக்டருக்குப் போகின்றன. இவற்றில் எது காலியாக வரலாம்?

பழைய ஜாவாவில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள். தேதி காலியாக வந்தாலும் வாசல் திறந்திருக்கும். பொருள் பிறந்துவிடும். பத்து ஊர் சுற்றி, ஆறு மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் அந்தத் தேதியைத் தொடும்போது புரோகிராம் விழும். விழுந்த இடத்தில் குற்றவாளி இருக்கமாட்டான். 2011ல் வந்த ஜாவா 7, கன்ஸ்ட்ரக்டரின் முதல் வரியிலேயே “இது காலியாக இருக்கக்கூடாது” என்று சோதிக்கத் தயாரான ஒரு வசதியைத் தந்தது. நல்ல வழக்கம். ஆனால் எழுதுகிறவன் நினைவு வைத்து எழுத வேண்டும், ஓடும்போதுதான் பிடிபடும்.

புதிய மொழிகள் இதைக் கம்பைலரின் வேலையாகவே ஆக்கின. 2014ல் ஸ்விஃப்ட், 2016ல் முதல் பதிப்பு வந்த கோட்லின், 2019ல் சி ஷார்ப் 8, 2021 மார்ச்சில் டார்ட் 2.12 என்று வரிசையாக வந்தன. இவற்றின் அடிப்படை ஒன்றுதான். முழு எண் என்று வெறுமனே எழுதினால் அங்கே ‘நல்’ வர முடியாது. வகைப் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் வரலாம். சி ஷார்ப் பெரும்பாலும் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். மற்றவை கம்பைல் செய்யவே மறுக்கும்.

டார்ட்டில் கன்ஸ்ட்ரக்டருக்குப் பெயருள்ள விருப்ப விவரமாகப் புள்ளி எண்ணிக்கையை வைத்து, கேள்விக்குறியும் போடாமல் விட்டால், கம்பைலர் பிடித்துக்கொள்ளும். “தராமல் விட்டால் இது ‘நல்’ ஆகும், நீயோ ‘நல்’ கூடாது என்கிறாய், என்னப்பா இது?” என்று கேட்கும். இதற்கு மூன்று பதில்கள் உண்டு. மூன்றுமே கம்பைலரின் வாயை அடைத்துவிடும். ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

முதல் பதில், ‘ரிக்வயர்ட்’ என்று போடுவது. கட்டாயம் தர வேண்டும், தராமல் யாரும் இந்தப் பொருளை உண்டாக்க முடியாது. தேதிக்கு இதுதான் சரி. தேதி இல்லாத கவனிப்புக்கு அர்த்தமே இல்லை.

இரண்டாவது பதில், கேள்விக்குறி போடுவது. இல்லாமலும் இருக்கலாம். மேகம் மூடிய நாளின் புள்ளி எண்ணிக்கைக்கு இதுவே உண்மை. இனி அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும் “இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொட முடியும். கொஞ்சம் தொந்தரவுதான். அந்தத் தொந்தரவு நம் நன்மைக்கே.

மூன்றாவது பதில், தராவிட்டால் 0 என்று முன்கூட்டியே ஒரு மதிப்பை வைத்துவிடுவது. கம்பைலர் உடனே சமாதானமாகிவிடும். சிவப்புக் கோடு மறையும், புரோகிராம் ஓடும், ஒரு நாளும் விழாது. டீ குடிக்கப் போகலாம். ஆனால் மேகம் மூடிய நாளெல்லாம் சூரியன் சுத்தமாக இருந்ததாகச் சாட்சி சொல்லியாயிற்று! கோட்லினில் இருக்கும் எல்விஸ் குறியும் இதே ஆசையைக் காட்டும். “இல்லையென்றால் 0” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். மதிப்பில்லாத இடத்தில் ஒன்றை வைப்பதற்கு உண்மையான காரணம் இருந்தால் வையுங்கள். திரையின் எழுத்து அளவுக்கு யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் 12 என்று வைப்பது சரி. அது நம் விருப்பம். புள்ளி எண்ணிக்கை நம் விருப்பம் அல்ல. அது சூரியனின் சமாசாரம்.

நாலாவதாக ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. டார்ட்டில் ‘லேட்’, கோட்லினில் ‘லேட்இனிட்’. “இப்போதைக்கு விடு, பிறகு தருகிறேன்” என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுப்பது. வாக்கைக் காப்பாற்றாமல் அந்த இடத்தைத் தொட்டால் ஓடும்போது விழும். ஆச்சரியக்குறி போட்டு “இது காலி இல்லை, என்னை நம்பு” என்பதும் அந்த ரகம்தான். கடன் வாங்கித் தீபாவளி கொண்டாடுவது போல. தை மாதம் கடன்காரன் வருவான்.

என்னைக் கேட்டால், இந்தக் கிளாசுக்கு இன்னும் நல்ல வடிவம் ஒன்று உண்டு. ஒரே கிளாசை வைத்துக்கொண்டு கேள்விக்குறியோடு மல்லுக்கட்டுவதை விட, ‘பார்த்த நாள்’, ‘பார்க்காத நாள்’ என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பார்த்த நாளின் கன்ஸ்ட்ரக்டர் தேதியையும் எண்ணிக்கையையும் கட்டாயம் கேட்கும். 0 தரலாம், காலியாகத் தர முடியாது. பார்க்காத நாளின் கன்ஸ்ட்ரக்டர் தேதியையும் காரணத்தையும் கட்டாயம் கேட்கும்: மேகமா, கருவி பழுதா, தட்டு கிடைக்கவில்லையா? அதற்கு எண்ணிக்கை என்ற இடமே கிடையாது. இடமே இல்லாத போது 0 போட ஆசைப்பட்டாலும் முடியாது. கோட்லினிலும், 2023ல் வந்த டார்ட் 3லும் ‘சீல்டு’ கிளாஸ் என்ற வசதி இருக்கிறது. இரண்டு வகையையும் கையாண்டாயா என்று கம்பைலரே சரிபார்த்துவிடும். காலியான இடம் என்பது போய், “பார்க்கவில்லை, காரணம் மேகம்” என்ற ஒரு தகவல் அங்கே வந்துவிடுகிறது.

வெளியிலிருந்து விவரம் வரும் வாசலில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கோப்பிலோ டேட்டாபேசிலோ எது வேண்டுமானாலும் இருக்கும். வெற்றுச் சரம் இருக்கும், கழித்தல் 1 இருக்கும், 9999 என்று கூட எழுதி வைத்திருப்பார்கள். அதையெல்லாம் அந்த இடத்திலேயே படித்துத் தரம் பிரித்து, சரியான கன்ஸ்ட்ரக்டருக்கு அனுப்பிவிட வேண்டும். உள்ளே விட்டுவிட்டு ஒவ்வொரு அறையிலும் தேடுவது வீண் வேலை.

தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

இது ஏதோ வகுப்பறை உதாரணம் அல்ல. கொடைக்கானல் தட்டுகளை உயர்ந்த தரத்தில் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் வேலை பல வருஷங்களாக நடந்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் கொண்ட கேமராவால் ஒவ்வொரு தட்டையும் படமாக்கினார்கள். 1904 முதல் 2017 வரையிலான கரும்புள்ளிப் பரப்பளவு வரிசை 2022ல் வெளியானது. சூரியனின் அடுத்த சுழற்சி எப்படி இருக்கும், செயற்கைக்கோள்களையும் மின் கட்டமைப்பையும் பாதிக்கும் சூரியப் புயல்கள் எந்தக் காலத்தில் கூடும் என்று ஆராய்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட நீண்ட வரிசைகள்தான் ஆதாரம். இதை இனி யாராலும் மறுபடி எடுக்க முடியாது. 1911ம் வருஷத்துச் சூரியன் திரும்பி வருமா?

குளிரில் விறைத்த கையோடு தட்டு மாற்றிய உதவியாளர்கள் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. மேகம் மூடிய நாளில் அவர்கள் ஒரு படத்தை இட்டுக்கட்டவில்லை. நேற்றைய படத்தை இன்றைக்கு என்று ஒட்டவில்லை. இல்லாததை இல்லாததாகவே விட்டார்கள். அந்த நாணயம் இருப்பதால்தான் மற்ற நாட்களின் படங்களை உலகம் நம்புகிறது. நூறு வருஷ நாணயத்தை ஒரு புரோகிராமர், கன்ஸ்ட்ரக்டரில் “சமம் 0” என்று எழுதி, அரை நிமிஷத்தில் செலவழித்துவிடலாம்.

இது சூரியனோடு நிற்கிற சங்கதியும் அல்ல. இன்று படிக்கும் நீங்கள் நாளை ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் மின் வாரியத்துக்கும் புரோகிராம் எழுதப் போகிறவர்கள். சோதனையே செய்யாத நோயாளியின் சர்க்கரை அளவு 0 அல்ல. பூட்டிய வீட்டின் மின் கணக்கு 0 யூனிட் அல்ல. சம்பள விவரம் தராத ஏழைத் தாயின் வருமானம் 0 என்று ஏறினாலும் தப்பு, ஒரு லட்சம் என்று ஏறினாலும் தப்பு. அவளுக்குக் கிடைக்க வேண்டிய உதவியோ கடனோ அந்தக் கட்டத்தில் தொங்குகிறது. கம்பைலர் சிவப்புக் கோடு போட்டுக் கேட்கும்போது எரிச்சல்படாதீர்கள். “இது தெரியாவிட்டால் என்ன அர்த்தம்?” என்று அது கேட்கிறது. அந்த விவரம் யாருடையதோ அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து பதில் எழுதுங்கள்.

அடுத்த முறை கொடைக்கானல் போகும் துறை மாணவர்கள் படகுச் சவாரியோடு திரும்பிவிடாமல், அப்சர்வேட்டரி அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். வானம் மூடியிருந்தாலும் பரவாயில்லை. பழைய படங்களைப் பார்க்கலாம். இயற்பியல் துறையும் கம்ப்யூட்டர் துறையும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. 

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!